டார்ப்பி கொட்டகையின் கூரை

எங்கள் ஊர் கில்துராவில் கூரைக்குத்தான் வரி. சுவருக்கு இல்லை, தரைக்கு இல்லை, உள்ளே இருக்கிற மனிதருக்கும் இல்லை. கூரை இருந்தால் அது கட்டடம். கூரை போய்விட்டால் அது வெறும் நான்கு சுவர். நான்கு சுவரை ஆண்டவனும் கேட்கமாட்டான், நகரசபையும் கேட்காது. இந்தச் சட்டம் யார் காலத்தில் வந்ததோ தெரியாது. ஆனால் செபப் புத்தகத்தைக் கையால் தொடாதவன்கூட இதைத் தூக்கத்தில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பான்.

நகரசபை கடனில் விழுந்தது ஒரு பொத்தானால். ஜெர்மன்காரன் ஒருவன் வந்து பொத்தான் தொழிற்சாலை கட்டப்போகிறான், இருநூறு பேருக்கு வேலை என்று ஒரு பேச்சு எழுந்தது. தலைவர் கார்னி மக்ரா கசாப்புக் கடைக்காரர், பெரிய மனசுக்காரர். வருகிறவன் சேற்றில் நடக்கக்கூடாது என்று வங்கியில் கடன் வாங்கி, ஊருக்கு மேற்கே ஒரு சாலை போட்டார். எட்டுக் கழுதை வண்டிகள் தோளோடு தோள் உரசாமல் போகக்கூடிய சாலை. சாலை வந்தது, ஜெர்மன்காரன் வரவில்லை. சதுப்பு நிலத்தின் நடுவே வரைக்கும் போன சாலை, எதற்கு வந்தோம் என்பதை மறந்துவிட்ட கிழவனைப்போல அங்கேயே நின்றுவிட்டது. செம்மறி ஆடுகள் அதில் படுத்துத் தூங்கின. ஐரோப்பாவிலேயே அத்தனை விலையுயர்ந்த படுக்கையில் படுத்த ஆடுகள் வேறெங்கும் கிடையாது.

வட்டி கட்ட வரியை ஏற்றினார்கள். வரி ஏறியதும் ஜனங்கள் கூரையைப் பிரித்தார்கள். கூரை குறையவும் மிச்சமிருந்த கூரைகளின் தலையில் இன்னும் வரி ஏறியது. மூன்றே வருஷத்தில் பெரிய தெருவில் பாதி, வானத்தைப் பார்த்து வாயைத் திறந்துகொண்டு நின்றது. பிரித்த ஓடுகள் கப்பலேறி இங்கிலாந்து போயின. அந்த ஓட்டின் கீழே இருந்தவர்களும் அதே கப்பலில் போனார்கள். உட்கார முகடு இல்லாத காக்கைகள் முச்சந்தியில், வேலையில்லாத ஆண்களுக்குப் பக்கத்தில், இறக்கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றன. மழைக்கே குழப்பம் வந்துவிட்டது. எந்த வீட்டில் மேலே தட்டுவது, எந்த வீட்டில் நேரே உள்ளே போவது என்று புரியாமல், சில நாள் ஊர் எல்லையில் நின்று யோசித்துவிட்டு அப்படியே திரும்பிப் போனதை எங்கள் ஊரில் பலர் பார்த்திருக்கிறார்கள்.

இப்படியிருக்கையில்தான் மே மாதத்தில் ஒரு நாள், வரித் தண்டல்காரர் ஃபின்டன் லவெல் தன் சைக்கிளை டார்ப்பி சினிமாக் கொட்டகையின் சுவரில் சாய்த்தார். கொட்டகை பிலோமினா டார்ப்பியுடையது. புருஷன் போய்ச் சேர்ந்து பதினோரு வருஷமாகிறது. டிக்கெட் கிழிப்பது, படம் ஓட்டுவது, நாற்காலிக்கு ஆணி அடிப்பது எல்லாம் அவளே.

"மிஸஸ் டார்ப்பி, இந்தத் தடவை நான் டீ குடிக்க வரலங்க" என்றார் லவெல். அலுவல் பேசும்போது மட்டும் அவர் அவளை 'மிஸஸ்' ஆக்கிவிடுவார். இருவரும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள்.

"நீ எந்தத் தடவைதான் டீ குடிக்க வந்திருக்க ஃபின்டன்? ஆனா மூணு கப் உள்ள போகாம நீ வெளிய போனதில்ல. உக்காரு."

உட்கார்ந்தார். முதல் கப் முடியும்வரை ஊர் வம்பு. இரண்டாவது கப்பில் விஷயம் வந்தது. "ஜூலை முதல் தேதி கெடு. வரி வரலன்னா கொட்டகைக்கு சீல் வெச்சு ஏலம் விட்டுருவாங்க."

"ஏலத்துல யாரு எடுப்பா? ஊர்ல மிச்சம் நீயும் நானும், மக்ரா ரோட்டுல படுத்திருக்கற ஆடும்."

"எனக்கு மட்டும் சந்தோஷமா? வசூல்ல பங்குதான் எனக்குச் சம்பளம். ஊர்ல கூரை எறங்க எறங்க என் வயிறும் எறங்குது. பாரு, பெல்ட்டுல புதுசா மூணு ஓட்டை போட்டிருக்கேன்."

பிலோமினாவின் தங்கை இங்கிலாந்தில், கவென்ட்ரியில் இருந்தாள். மாதம் ஒரு கடிதம் போடுவாள்: கட்டில் காலியாக இருக்கிறது, ஆஸ்பத்திரி சலவைக் கூடத்தில் வேலையும் தயாராக இருக்கிறது, புறப்பட்டு வா. அங்கே போனால் ஆவிக்கும் சோப்புத் தண்ணீருக்கும் நடுவே வெள்ளைத் தொப்பி போட்ட நாற்பது பேரில் ஒருத்தி. இங்கே அவள் டார்ப்பி கொட்டகைக்காரி. அவள் விளக்கை அணைத்தால் முந்நூறு பேர் வாயை மூடுவார்கள். கொட்டகை போனால் கப்பல்தான், வேறு வழி இல்லை. அவளுக்குக் கப்பலேற விருப்பம் இல்லை. எள்ளளவும் இல்லை.

மூன்றாவது கப்பை ஊற்றிக்கொண்டே அவள் மேலே பார்த்தாள்.

"ஃபின்டன், கொட்டகைக்குக் கூரை இல்லன்னா?"

லவெலின் கப் பாதி வழியில் நின்றது. "சேசு மரி சூசையே" என்றார்.

ஒரே வாரத்தில் கூரை இறங்கியது. ஓடு விற்ற காசு ஓடு பிரித்தவனுக்கே சரியாகப் போயிற்று. படம் காட்டும் எந்திரத்துக்கு மேலே மட்டும் ஒரு தகரத்தை வைத்தாள். லவெல் நாடா பிடித்து அளந்து பார்த்து, அது கோழிக்கூட்டைவிட இரண்டு விரற்கடை சிறியது, கோழிக்கூட்டுக்கு வரி கிடையாது என்று எழுதிக்கொண்டு போனார்.

ஒன்றை மட்டும் பிலோமினா யோசிக்கவில்லை. எங்கள் ஊரில் ஜூன் மாதத்துச் சூரியன் வீட்டுக்குப் போக மனமில்லாத விருந்தாளி. ராத்திரி பத்து மணி தாண்டியும் வாசலில் நின்று பேசிக்கொண்டிருக்கும். பத்து மணிக்குமேல் படம் காட்டக்கூடாது என்பது பங்குச் சாமியாரின் கட்டளை. ஆக, முதல் காட்சி அன்று திரையில் ஒன்றுமே விழவில்லை. வெள்ளைத் துணிமேல் வெள்ளை வெளிச்சம். ஏதோ ஓர் அமெரிக்கக் காதல் படம். பேச்சுக் கேட்கிறது, பியானோ கேட்கிறது, ஆள் இல்லை. காசைத் திருப்பிக் கேட்கப்போகிறார்கள் என்று பிலோமினா பணப்பெட்டியை மடியில் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றாள்.

ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

நாலாவது வரிசையில் பிரிஜட் கனீலி உட்கார்ந்திருந்தாள். ஆறு பிள்ளைகளைப் பெற்று ஆறையும் கப்பலில் ஏற்றிவிட்டவள். அவள் மெல்லப் பக்கத்து ஆளின் முழங்கையைத் தொட்டாள்.

"அது எங்க கோல்மன்தானே? சாரத்துலேர்ந்து எறங்கறான் பாரு. கையக் கழுவறான். ஐயோ, எவ்வளவு எளச்சிருக்கான்!"

"உங்க கோல்மனா? எங்கே? எனக்கு எங்க அக்கா தெரியறா. பாஸ்டன்ல, சிவப்புக் கோட்டு போட்டுக்கிட்டு, டிராம்ல ஏறறா."

வெளிச்சம் சுவர்களின் மேலிருந்து தேன்போல வழிந்து இறங்கியது. தகைவிலான் குருவிகள் திரைக்கு முன்னால் குறுக்கும் நெடுக்கும் பறந்தன. அமெரிக்கக் கதாநாயகன் "உன்னை விட்டு எங்கும் போகமாட்டேன்" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தான். இருநூறு பேர் அதைத் தங்கள் பிள்ளையின் குரலில் கேட்டார்கள். படம் முடிந்து வெளியே வந்தவர்கள் பூசையிலிருந்து வருகிறவர்களைப்போல மெதுவாக நடந்தார்கள். "படம் பிரமாதம் பிலோமினா" என்றார்கள். "நாளைக்கும் இதையே போடு."

அதையே மூன்று வாரம் போட்டாள். ஆளுக்கொரு படம் ஓடியதால் ஒருவருக்கும் அலுக்கவில்லை. பக்கத்து ஊர்களிலிருந்து வந்தார்கள். பதினெட்டு மைல் தள்ளியிருந்த ஒரு கிழவர், ஆஸ்திரேலியா போன தன் குதிரையைப் பார்க்க வாரம் இரண்டு தடவை வந்தார்.

மழை பெய்தால்தான் தொந்தரவு. மேகம் திரண்டு கொட்டகை இருட்டும். உடனே நிஜப் படம் பளிச்சென்று திரையில் வந்து நிற்கும். "யாருடி இவ, குறுக்கால வந்து நிக்கறா?" என்று அந்த அமெரிக்கக் கதாநாயகியை ஜனங்கள் திட்டுவார்கள். குடையை விரித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, வானம் தெளியும்வரை காத்திருப்பார்கள்.

அப்படி ஒரு மழை நாளில்தான் லவெல் உள்ளே வந்தார். பின்வாசலில் நின்றார். பார்த்தார். குடைகளின் கீழே கையை நீட்டிப் பார்த்தார், ஒரு சொட்டும் விழவில்லை. பாக்கெட்டிலிருந்து பென்சிலை எடுத்தார். அவர் முகம் துக்க வீட்டு முகமாக மாறியது.

"பிலோமினா... மிஸஸ் டார்ப்பி. இது கூரைங்க."

"இது குடை."

"ஒத்தக் குடைன்னா குடை. இருநூத்திப் பதிமூணு குடை, ஒண்ணோட ஓரத்துமேல ஒண்ணு ஏறி, தண்ணி சரிவுல ஓடி வாசல்ல போய் விழுந்தா அதுக்குப் பேரு கூரை. முப்பது வருஷமா நான் கூரை பாக்கறவன்."

"எந்த ஊர்லய்யா கூரை எழுந்து வீட்டுக்குப் போகும்? இது பத்து மணிக்குப் போயிடும்."

"கூரை எத்தனை மணி வரைக்கும் இருக்கணும்னு சட்டத்துல இல்லயே."

"உன் சட்டத்தை அடுப்புல போட்டு என் டீக்கு வெந்நீர் வை."

ஆனால் லவெல் பார்த்ததைப் பார்க்கவில்லை என்று சொல்லத் தெரியாதவர். நகரசபைக்கு எழுதிவிட்டார். வியாழக்கிழமை ஏழு உறுப்பினர்களும் நேரில் வந்து பார்ப்பதாக முடிவாயிற்று. கூரை என்று அவர்கள் சொன்னால் ஜூலை முதல் தேதி கொட்டகை போச்சு. சோதனையை லவெலே வகுத்தார்: தொப்பி இல்லாமல், மழையில், பின்வாசலிலிருந்து திரைவரைக்கும் அவர் நடப்பார். தலையில் ஒரு சொட்டு விழுந்தால் அது கூரை இல்லை. விழாவிட்டால் கூரை.

புதன்கிழமை சைக்கிளை நிறுத்தாமலே, காலை மட்டும் தரையில் ஊன்றி, அவளிடம் சொன்னார்: "ஒரே ஒரு சொட்டு பிலோமினா. அது விழறமாதிரி பாத்துக்கோ. நான் ஒண்ணும் சொல்லல, சரியா?"

பிலோமினா வீடு வீடாகப் போனாள். "அவன் நடந்து வரும்போது குடைய உங்க பக்கமே பிடிச்சுக்கோங்க. அவன் நனையட்டும். நனைஞ்சாத்தான் எனக்கு வாழ்வு." எல்லோரும் சத்தியம் செய்தார்கள். பிரிஜட் கனீலி செபமாலையைக் கையில் எடுத்துச் செய்தாள். "அவன் அயிரை மீனாட்டம் நனையட்டும், நான் திரும்பிக்கூடப் பாக்கமாட்டேன்" என்றாள்.

வியாழக்கிழமை பெய்த மழையை மழை என்று சொன்னால் மழைக்குக் கோபம் வரும். பன்னிரண்டு அப்போஸ்தலர்களும் ஆளுக்கொரு அண்டாவைக் கவிழ்த்ததுபோலப் பெய்தது. ஏழு உறுப்பினர்களும் முன்வரிசையில் வந்து உட்கார்ந்து குடையை விரித்தார்கள். மக்ராவின் குடை கசாப்புக் கடை வாசலில் கட்டுகிற அளவு. அதன் கீழே ஒரு பசுவும் கன்றும் தாராளமாக நிற்கலாம்.

லவெல் பின்வாசலில் தொப்பியைக் கழற்றினார்.

அதுதான் வினையாகப் போயிற்று. முப்பது வருஷமாக அவருடைய தலையை ஊரில் யாரும் பார்த்ததில்லை. வெள்ளை வெளேரென்று, மயிரே இல்லாமல், அப்போதுதான் ஞானஸ்நானத்துக்குத் தூக்கி வந்த பச்சைப்பிள்ளையின் தலையாக இருந்தது. கொட்டகை முழுவதும் "ச்சு" கொட்டியது.

முதல் அடி எடுத்து வைத்தார். கடைசி வரிசைக் கிழவர், அந்தக் குதிரைக்காரர், பதறிப்போய்க் குடையைச் சாய்த்தார்.

"ஐயையோ, தலையில ஒண்ணுமில்லாம! உள்ள வாய்யா!"

"குடைய எடுங்க" என்றார் லவெல், பல்லைக் கடித்துக்கொண்டு.

"சும்மா இருய்யா. சளி பிடிச்சா யாரு பாக்கறது? உனக்குப் பொண்டாட்டியா புள்ளையா?"

அவர் நகர்ந்தார். அடுத்த வரிசைக் குடை நகர்ந்து வந்து மேலே நின்றது. இடப்பக்கம் ஒதுங்கினார், இடப்பக்கத்துக் குடைகள் எழுந்து வந்தன. வேகமாக நடந்தார், குடைகள் அவர் தலைக்கு மேலே கைமாற்றிக் கைமாற்றி ஓடி வந்தன. சத்தியம் செய்தது எல்லோருக்கும் நினைவிருந்தது, அதுதான் பரிதாபம். "மன்னிச்சுக்கோ பிலோமினா", "கை தானா போகுது பிலோமினா" என்று சொல்லிக்கொண்டேதான் பிடித்தார்கள். எங்கள் ஊர்க்காரன் எதிரியின் வீட்டு ஜன்னலை உடைப்பான், அவன் நனைவதைப் பார்த்துக்கொண்டு மட்டும் நிற்கமாட்டான்.

பிரிஜட் கனீலி கண்ணை இறுக மூடி, மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லும் நேரம் தாக்குப்பிடித்தாள். பிறகு எழுந்து குடையை நீட்டினாள்.

"நான் பாக்கமாட்டேன்னுதான் சத்தியம் பண்ணினேன். பாக்கவும் இல்ல, கண்ண மூடிக்கிட்டுத்தான் பிடிக்கறேன்."

முன்வரிசையில் மக்ரா அந்தப் பெருங்குடையை லவெலின் தலைக்கு மேலே நீட்டினார். "வா வா ஃபின்டன், என்னடா இது பைத்தியக்காரத்தனம்" என்று தம்பியை அதட்டுகிற மாதிரி அதட்டினார். அவர் எதற்கு வந்தார் என்பது அவருக்கே மறந்துபோயிற்று.

இனி முன்வரிசைக்கும் திரைக்கும் நடுவே ஆறடி. அங்கே நாற்காலி இல்லை, குடை இல்லை. பிலோமினா மட்டும் நின்றிருந்தாள். வேண்டுமென்றே குடை கொண்டு வராமல், சொட்டச் சொட்ட நனைந்து நின்றாள். லவெல் குடையின் கீழிருந்து வெளியே கால் வைத்து, நற்கருணை வாங்குகிறவரைப்போல முகத்தை நிமிர்த்திக் கண்ணை மூடினார். மக்ராவின் குடை விளிம்பிலிருந்து ஒரு பெரிய சொட்டுத் திரண்டு, பளபளத்து, நேராக அந்த மொட்டைத் தலையைக் குறிவைப்பதை அவள் பார்த்தாள். அவளுடைய சொட்டு. அவளுடைய கொட்டகை.

கை அவளைக் கேட்கவில்லை. போட்டிருந்த கம்பளிச் சட்டையைக் கழற்றி அவர் தலைக்கு மேலே பிடித்துவிட்டது. கம்பளியும் தான் குடித்த தண்ணீரில் ஒரு சொட்டைக்கூட விடாமல் அடக்கிக்கொண்டது.

"சேசு மரி சூசையே!" என்று இருநூறு தொண்டைகள் ஒன்றாக அலறின.

"என்ன காரியம் பண்ணின பிலோமினா?" என்றார் லவெல், கண்ணைத் திறந்து.

"தெரியல ஃபின்டன். நீ நனையப் போனே."

"நனையத்தானே வந்தேன், கழுத!"

மக்ரா எழுந்து நின்று தொண்டையைச் செருமினார். "சொட்டு விழுந்துச்சா?"

லவெல் தலையைத் தடவினார். பிஸ்கோத்துப்போலக் காய்ந்திருந்தது. பொய் சொல்ல அவர் எவ்வளவோ முயன்றதை அவருடைய காது மடல் சிவந்ததிலிருந்து எல்லோரும் கண்டார்கள். "விழல" என்றார்.

"அப்ப இது கூரை. எழுதிக்கோ."

பிலோமினாவின் மூக்கில் சோப்புத் தண்ணீரின் வாடை ஏறிவிட்டது. நாற்பது வெள்ளைத் தொப்பிகளில் ஒன்று அவளுக்காக ஆணியில் தொங்குவது தெரிந்தது.

லவெல் பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டார். புத்தகத்தைத் திறந்தார். "கூரை. எழுதிட்டேன். சொந்தக்காரர் பேரு?"

"இது என்ன கேள்வி? கொட்டகைக்காரிதான்."

"அவகிட்ட ஏது குடை, தலைவரே? சட்டத்துல கூரை யாரோடதோ வரியும் அவங்களோடது." அவர் வரிசைகளைப் பார்த்துத் திரும்பினார். "பிரிஜட் கனீலி. கறுப்பு, ஒரு கம்பி முறிஞ்சது. பங்கு ஒண்ணு." எழுதினார். அப்படியே வரிசை வரிசையாக எழுதிக்கொண்டு வந்து முன்வரிசையில் நின்றார். "கார்னி மக்ரா. பெரிய குடை. பங்கு ரெண்டு."

"எழுதிக்கோய்யா" என்று சிரித்தார் மக்ரா. "ஆளுக்கு நாலு பென்னி வருமா? அதுக்கு நான் செத்தா போவேன்?"

"பழைய பாக்கியும் சேந்து வருமே தலைவரே. கூரை யார் பேர்ல ஏறுதோ பாக்கியும் அவங்க பேர்ல ஏறும், நீங்க போட்ட விதிதான். ஆக, இந்த நிமிஷத்துலேர்ந்து நீங்க ஏழு பேரும் வரிப் பாக்கிக்காரங்க. பாக்கிக்காரங்க நகரசபை நாற்காலில உக்காரக்கூடாது. அதுவும் நீங்க போட்டதுதான்."

ஏழு பேரும் மெதுவாக அண்ணாந்து பார்த்தார்கள், தலைக்கு மேலே வௌவால் தொங்குகிற மாதிரி. மக்ராவின் உதடு அசைந்தது. அவர் கணக்கில் புலி. நாற்காலி போனால் அந்தச் சாலையைப் பற்றி முதலில் கேள்வி கேட்கப்போகிறவன் யார் என்பதுவரைக்கும் போட்டுப் பார்த்துவிட்டார். பிறகு குடையை மடக்கினார். மழை அவர் தலையில் விழுந்து, காதில் ஓடி, கழுத்துப்பட்டைக்குள் இறங்கியது.

"எனக்கு இங்க கூரை ஒண்ணும் தெரியலயே" என்றார், வானத்தைப் பார்த்து. "உங்களுக்குத் தெரியுதா?"

ஆறு குடைகள் ஒன்றன்பின் ஒன்றாக மடங்கின. "தெரியல, தலைவரே." "ஒரு ஓடுகூடக் காணோம்." "சுத்தமான வானம்."

"ஏகமனதா தீர்மானம். அடிச்சிடு, ஃபின்டன்."

லவெல் பக்கத்தின் குறுக்கே ஒரு கோடு கிழித்தார். கொட்டகையில் இருந்த அத்தனை குடையும் மடங்கியது. சந்தோஷம் தாங்காமல் ஒருவர் மிச்சமில்லாமல் நனைந்தார்கள். பிரிஜட் கனீலி பங்குச் சாமியாரின் தங்கையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். இருவருக்கும் பதினைந்து வருஷமாகப் பேச்சில்லை.

ஒன்பது மணிக்கு மழை விட்டது. மேகம் விலகி, மேற்கிலிருந்து பழுத்த வெளிச்சம் சுவர்களுக்கு மேலே எட்டிப் பார்த்தது. அமெரிக்கக் கதாநாயகி மெல்ல வெளுத்து, புகையாகி, மறைந்துபோனாள். ஜனங்கள் "அப்பாடா" என்று நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். எழுந்து போகவிருந்த மக்ரா பாதி எழுந்த நிலையிலேயே நின்றுவிட்டார்.

"ரெண்டு சிம்னி" என்றார், பக்கத்து உறுப்பினரின் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டு. "பாத்தியா? ரெண்டு! ஜெர்மன்காரன் சங்கு ஊதறான். அடேயப்பா, எத்தனை பொண்ணுங்க, சைக்கிள்ல... நம்ம ரோடே போதலயே, எடம் விடாம வராங்க..." தலைமயிரிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, வாயைத் திறந்துகொண்டு பத்து மணிவரைக்கும் அப்படியே இருந்தார்.

பின்சுவரில் சாய்ந்து பிலோமினாவும் லவெலும் நின்றார்கள். நனைந்த கம்பளிச் சட்டையை அவள் பிழிந்துகொண்டிருந்தாள்.

"உனக்கு என்ன தெரியுது?" என்று கேட்டார் லவெல்.

அவள் திரையைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். "துணிதான் தெரியுது. கீழ் ஓரத்துல கறை. நாளைக்கு அவுத்துத் துவைக்கணும்."

"தனியா முறுக்க முடியாது. பெரிய துணி" என்றார் லவெல். "ஒரு முனைய நான் பிடிச்சுக்கறேன்."